ஆறரை மணிக்காரரும் அடுப்படி விளக்கும்

அந்த எலக்ட்ரீஷியனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. மின்சார பில்லைத் தவிர வேறெங்கும் அது உபயோகப்பட்டதில்லை. ஊருக்கு அவர் ஆறரை. "ஆறரையக் கூப்பிட்டாச்சா?", "ஆறரை வந்துட்டுப் போயிட்டாரா?" என்றுதான் பேச்சு. சுவிட்சு ரிப்பேர், மோட்டார் ரிப்பேர் என்றால் காலையிலேயே வந்து நிற்பார். புதிதாக விளக்குப் போட வேண்டும் என்றால் மட்டும் சாயங்காலம் ஆறரைக்கு முன்னால் உங்கள் வாசற்படியை மிதிக்க மாட்டார். பகல் நீளும் மாதங்களில் அந்த ஆறரை ஏழே கால் வரைக்கும் போகும். பெயர் என்னவோ மாறவில்லை.

"ராத்திரி எரியப் போறத பகல்ல வந்து பாத்து என்னங்க பண்றது?" என்பார், கேட்டவர்களிடம்.

வந்தாலும் சும்மா பார்த்துவிட்டுப் போகிற ஆளில்லை. சமையலறை என்றால், அந்த வீட்டில் சமைக்கிறவர் யாரோ அவர் அடுப்புக்கு முன்னால் நின்று வெங்காயம் நறுக்கியாக வேண்டும். இவர் ஒரு மூலையில் குந்திக்கொண்டு அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பார். "நான் இங்க இல்லைன்னு நினைச்சுக்கங்க" என்பார். ஆறடி உயரத்து ஆள் ஒருவர் டெஸ்டரும் கையுமாக மூலையில் குந்தியிருந்தால் எப்படி ஐயா இல்லை என்று நினைத்துக்கொள்வது? எலக்ட்ரீஷியன் வருகிறார் என்று துடைத்து அடுக்கி வைத்திருப்பார்கள் பாவம். "எல்லாத்தையும் பழையபடி இறைச்சு வைங்க, அப்பத்தான் தெரியும்" என்று சொல்லிவிடுவார். விளக்கு எங்கே வேண்டும் என்று அவர் யாரையும் கேட்டதில்லை. எந்தக் கையால் நறுக்குவீர்கள் என்றுதான் கேட்பார். கடைத்தெருவில் இடது கைப் பழக்கமுள்ள தையல்காரர் ஒருவர் இருந்தார். இவர் போய் விளக்கை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு மாற்றிக் கொடுத்த பிறகுதான், அத்தனை வருஷமும் தன் கை நிழலிலேயே தைத்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து ஆறரை தெருவில் போனால் அவர் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நிற்பார்.

பிறக்கும்போதே யாரும் இப்படிப் பிடிவாதத்தோடு பிறப்பதில்லை. ஒரு தப்பு அவரை இப்படி ஆக்கியது. அதை அவர் தன் மனைவியைத் தவிர ஒருவரிடமும் வாய் திறந்து சொன்னதில்லை.

அப்போது அவருக்கு இருபத்தெட்டு வயது. தபால்காரர் ஒருவர் புதிதாகக் கட்டிய வீட்டுக்கு ஒயரிங் வேலை. வீடு இரண்டு பக்கமும் பக்கத்து வீடுகளோடு ஒட்டி நின்றது. சமையலறை நடுவில் மாட்டிக்கொண்டதால் ஜன்னல் வைக்க இடமில்லை. கொத்தனார் யோசித்து, கூரையின் நடுவில் ஒரு கட்டில் அளவுக்குத் திறந்துவிட்டு மேலே கண்ணாடி போட்டுவிட்டார். கூரையிலிருந்து கண்ணாடி வரைக்கும் இரண்டடி உயரத்துக்கு நான்கு பக்கமும் சுவர். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் கவிழ்த்து வைத்த பெட்டி ஒன்றின் அடியில் வானம் தெரியும். சும்மா சொல்லக்கூடாது, பகலில் அந்த வீட்டிலேயே வெளிச்சமான அறை அதுதான்.

விளக்கு வழக்கமாகத் தொங்குவது கூரையின் நடுவில். இங்கே நடுவில் கண்ணாடி. இளவயசு ஆறரை ரொம்ப யோசிக்கவில்லை. சமையலறை வாசல் நிலைக்கு மேலே சுவரில் ஹோல்டரை மாட்டினார். இரண்டு திருகில் ஒன்று கை நழுவி எங்கேயோ உருண்டு போக, பையின் அடியில் கிடந்த பித்தளைத் திருகு ஒன்றைப் போட்டு முடுக்கினார். மத்தியானம் மணி இரண்டு. சுவிட்சைப் போட்டால் பல்பு எரிகிறதா இல்லையா என்றே தெரியவில்லை, அறையில் அவ்வளவு வெயில். ஸ்டூலில் ஏறித் தொட்டுப் பார்த்தார். சுட்டது. சரி, எரிகிறது, வேலை முடிந்தது.

"இந்த ரூமுக்கு லைட்டே தண்டம்பா" என்று தபால்காரர் சிரித்தார். இவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். வீட்டுக்காரம்மாள் அப்போது தன் அம்மா வீட்டில் இருந்தாள். யார் விளக்குப் போட்டது என்று அவளுக்குத் தெரியாது.

இரண்டு மாசம் கழித்து ஒரு நாள் மின்சாமான் கடையில் இவர் நின்றுகொண்டிருந்தபோது தபால்காரர் ஃபியூஸ் கம்பி வாங்க வந்தார்.

"வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?" என்று இவர் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"என்னத்த சௌக்கியம்! வீட்டுக்காரி கையில வெந்நீரக் கொட்டிக்கிட்டா. கிழங்கு வெந்த தண்ணிய வடிக்கிறேன்னு கைமேலயே ஊத்திக்கிட்டிருக்கா. முழங்கை வரைக்கும் தோல் உரிஞ்சு போச்சு. கண்ண எங்க வச்சுக்கிட்டு வேலை செய்வாளோ!"

"எப்பங்க?"

"முந்தாநேத்து சாயங்காலம். ஏழு மணி இருக்கும்."

ஏழு மணி என்று கேட்டதுமே இவருக்குப் புரிந்துவிட்டது. தொழில் தெரிந்தவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. வாசலுக்கு மேலே விளக்கு. அடுப்பும் பாத்திரம் கழுவும் தொட்டியும் எதிர்ச் சுவரில். அங்கே யார் நின்றாலும் விளக்கு முதுகுக்குப் பின்னால்தான். சொந்த நிழலே கைமேல் வந்து விழும். மற்ற வீடுகளில் வெள்ளைக் கூரையாவது கொஞ்சம் வெளிச்சத்தைத் திருப்பிக் கீழே அனுப்பும். இங்கே கூரை இருக்க வேண்டிய இடத்தில் இருட்டிய கண்ணாடி. இருந்த கொஞ்சநஞ்ச வெளிச்சமும் அந்த வழியாக வெளியே போய்க் காக்காய்க்குப் பயன்பட்டுக்கொண்டிருந்தது.

அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, "போய் உண்மையச் சொல்லி லைட்ட மாத்திக் குடுத்துட்டு வாங்க. அரை மணி நேர வேலை" என்றாள்.

"நாளைக்குப் போறேன்" என்றார் இவர்.

அந்த நாளைக்கு வருவதற்கு இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று. பயம்தான், வேறென்ன? அப்போதுதான் தொழிலில் காலூன்றிக்கொண்டிருந்தார். ஒரே ஒரு முறை அந்தத் தெருமுனை வரைக்கும் போய், கால் வராமல் திரும்பினார். அதற்குப் பிறகு எந்த வீட்டுக்கும் பகலில் விளக்குப் போடப் போகவில்லை. ஊரார் இதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தார்கள். யாராவது வீடு தேடி வந்து, "அண்ணே, உங்களுக்குத்தான் எப்பேர்ப்பட்ட பொறுமை!" என்று புகழ்ந்தால் உள்ளேயிருந்து மனைவி ஒரு செருமல் செருமுவாள். இவர் பேச்சை மாற்றிவிடுவார்.

போன மாசம் ஒரு போன் வந்தது. தபால்காரரின் மகன். அப்பா இறந்து நாலு வருஷமாகிறது, வீட்டைப் புதுப்பிக்கிறோம், சமையலறை ராத்திரியில் இருட்டாக இருக்கிறது, கூரைக் கண்ணாடியை மூடிவிட்டு நடுவில் ஒரு விளக்குப் போட வேண்டும் என்றான். ஆறரை இந்த வாரம் முடியாது என்றார். அடுத்த வாரமும் முடியாது என்றார். மூன்றாவது தடவை போன் வந்தபோது மனைவியே எடுத்து, "நாளைக்கு வராரு தம்பி. கண்டிப்பா வராரு" என்று சொல்லி வைத்துவிட்டாள். இவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆறரைக்கே போனார். கூடத்தில் மேசையருகே வீட்டுக்காரம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஐம்பத்தைந்து வயசிருக்கும். இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் தோல் வேறு நிறமாகச் சுருங்கியிருந்தது. இவர் அதைப் பார்த்துவிட்டு உடனே பார்வையைச் சுவர்க்கடிகாரத்துக்குத் திருப்பிக்கொண்டார். மேசையில் எல்லாம் சமைத்து மூடி வைத்திருந்தது.

"அதுக்குள்ள சமையல் முடிஞ்சிடுச்சா?" என்றார், ஏதாவது பேச வேண்டுமே என்று.

"அம்மா அஞ்சு மணிக்கே முடிச்சிடுவாங்க. இருட்டினப்புறம் அவங்க கிச்சனுக்குள்ள போகக் கூடாது, அது அப்பா போட்ட ரூலு" என்றான் மகன். "கை நிதானம் கிடையாது. வெந்நீர், பாலு, டீ, எதையாவது கொட்டிக்கிட்டே இருப்பாங்க. அம்மா டம்ளரத் தூக்கினாலே, 'வெள்ளம் வருது, ஒதுங்குங்க'ன்னு அப்பா சொல்லுவாரு. நானும் சொல்லிச் சொல்லி வீட்டுல அவங்களுக்குப் பேரே வெள்ளம்தான்."

மகன் பாசமாகத்தான் சொன்னான், அதில் சந்தேகமில்லை. அம்மாளும் சிரித்தாள். எத்தனையோ வருஷம் சிரித்துப் பழகிய சிரிப்பு அது. ஆனால் சிரிக்கும்போதே அவளுடைய வலது கை போய் இடது கையின் தழும்பை மூடிக்கொண்டது. ஆறரை அந்தக் கையைப் பார்த்தார். வெந்தது ஆறிவிட்டது. பேர் ஆறவில்லை.

சமையலறைக்குள் போனார்கள். வாசலுக்கு மேலே அதே ஹோல்டர். பல்புதான் புதுசு. இரண்டு திருகில் ஒன்று பித்தளை, கறுத்துப் போயிருந்தது. ஆறரை அண்ணாந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அம்மாவ வந்து அடுப்புகிட்ட நிக்கச் சொல்லுங்க தம்பி."

"வேண்டாம் அண்ணே. அவங்க எதையாவது..."

"அப்ப நீங்க நில்லுங்க."

ஒரு பாத்திரம் நிறையப் பச்சைத்தண்ணீர் பிடித்து மேடையில் வைத்தார். அதற்கு அந்தப் பக்கம், சுவரோரமாக, ஒரு சின்ன டம்ளர். "இதுலேர்ந்து அதுல ஊத்துங்க. அவசரமில்ல."

"இது என்ன பரீட்சையா?" என்று மகன் சிரித்துக்கொண்டே பாத்திரத்தைத் தூக்கினான். ஊற்றினான். டம்ளரில் பாதி, மேடையில் பாதி. "இருங்க, பேச்சு மும்முரத்துல..." என்று மறுபடி ஊற்றினான். இந்தத் தடவை தண்ணீர் டம்ளர் விளிம்பில் பட்டு அவன் முழங்கை வரைக்கும் வழிந்தது. மூன்றாவது முறை ரோஷம் வந்துவிட்டது. நன்றாகக் குனிந்து, கண்ணை இடுக்கிக்கொண்டு, டம்ளர் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனான். குனியக் குனிய இருட்டுதான் அதிகமாயிற்று. தண்ணீர் மேடையெல்லாம் ஓடித் தரையில் சொட்டியது.

கூடத்திலிருந்து அம்மாள் எழுந்து வந்து வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"அவன் நிழலு" என்றாள். "அவன் நிழலே டம்ளர் மேல விழுது."

பிறகு மகனைப் பார்த்துத் திரும்பினாள்.

"நான் அன்னிக்குப் பாத்துத்தான்டா ஊத்தினேன். பாத்துத்தான் ஊத்தினேன்னு எத்தனை தடவை சொன்னேன்! பாத்தேன், தெரியல. யாரு நம்பினீங்க?"

மகன் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தான். திரும்பி வாசலுக்கு மேலே பார்த்தான். முகம் சிவந்துவிட்டது. "எந்த மடையன் இங்க கொண்டுவந்து லைட்ட வச்சான்?" என்றான்.

இப்போது ஆறரைக்கு வழி நன்றாகத் திறந்திருந்தது. யாரோ வேலை தெரியாதவன் என்று சொல்லிவிட்டு, நல்ல விளக்காகப் போட்டுக் கொடுத்தால் காதும் காதும் வைத்த மாதிரி முடிந்துபோகும். அம்மாளுக்கும் நியாயம் கிடைத்துவிட்டது. இனி யாருக்கு என்ன நஷ்டம்? மனைவியின் செருமல் மட்டும் எங்கிருந்தோ கேட்டது.

"நான்தான்" என்றார்.

மகனுக்குப் புரியவில்லை.

"இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி நான்தான் வச்சேன். பட்டப்பகல்ல வச்சுட்டுப் போனேன். அந்தப் பித்தளைத் திருகு என்னோடதுதான். அம்மா கையில கொட்டிடுச்சுன்னு அப்பா கடைக்கு வந்தப்ப சொன்னாரு. கேட்ட உடனே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அவங்க தப்பு இல்ல, என் தப்பு. வந்து சொல்லல. பயந்துட்டேன்."

அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"கொட்டி மூணாவது நாளே."

"மூணாவது நாள்." அவள் குரல் உயரவில்லை. "அவர் அதுக்கப்புறம் பதினெட்டு வருஷம் இருந்தாருங்க. ஒரு வார்த்தை அவர்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? கடைசி நாள்ல நான் ஸ்பூன்ல மருந்து ஊத்தறேன், பேச்சு வராத மனுஷன், 'பாத்து, பாத்து'ன்னாரு. அதுதான் எங்கிட்ட அவர் பேசின கடைசிப் பேச்சு. நான் கை நிதானம் இல்லாதவள்னு நினைச்சுக்கிட்டேதான் போனாரு."

ஆறரை மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அதற்குள் அவள் விறுவிறுவென்று உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு டெஸ்டரைப் பையில் போட்டார். மகனும் தடுக்கவில்லை. செருப்பைத் தேடிக் காலில் மாட்டிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"வேற நல்ல ஆளா அனுப்பறேன்மா. நான் வந்து நின்னா உங்களுக்கு..."

"நல்லாருக்கே! கெடுத்தது நீங்க, சரி பண்றது இன்னொருத்தரா? வாங்க உள்ள. கண்ணாடிய யாரும் மூட வேண்டாம். பகல்ல எனக்கு அது வேணும். ராத்திரிக்கு என்ன பண்ணுவீங்களோ பண்ணுங்க."

மூன்று நாள் சாயங்காலம் வேலை நடந்தது. கண்ணாடிக்குக் கீழே விளக்கைத் தொங்கவிட்டால் ராத்திரியில் கண்ணாடியில் இன்னொரு விளக்குத் தெரிந்து கண் கூசும். அதனால் அந்தப் பெட்டியின் உள்சுவர் நாலுக்கும் வெள்ளையடித்து, அடி விளிம்பில் சின்னத் தடுப்பு ஒன்று கட்டி, அதற்குப் பின்னால் எல்.இ.டி. பட்டையை மறைத்து ஒட்டினார். வெளிச்சம் அந்தச் சுவர்களில் பட்டுத் திரும்பிக் கீழே இறங்கும். விளக்கு கண்ணில் படாது. அடுப்புக்கும் தொட்டிக்கும் மேலே ஓடிய அலமாரியின் அடியில் இன்னொரு பட்டை. நிற்கிறவருக்கு முன்னால். நிழல் விழுந்தாலும் முதுகுக்குப் பின்னால் போய் விழட்டும்.

அம்மாள் சும்மா விடவில்லை. ஒரு நாற்காலியைப் போட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு கட்டத்திலும், "இப்ப நீங்க நின்னு ஊத்துங்க, பாப்போம்" என்பாள். ஊரையே வெங்காயம் நறுக்க வைத்த மனிதர் மூன்று நாளாகப் பாத்திரமும் டம்ளருமாக நின்று தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். "கொஞ்சம் இடது பக்கம் தள்ளி நில்லுங்க. ம். இங்க இன்னும் மங்கலாத்தான் இருக்கு. அந்தப் பட்டைய நகத்துங்க." நகர்த்தினார். ஒரு தடவை அவருடைய தலையே அலமாரியில் இடித்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. இது பழைய சிரிப்பில்லை என்று மகனுக்குத் தெரிந்தது.

மூன்றாம் நாள் கடைசி வேலையாக ஆறரை ஸ்டூலில் ஏறி வாசலுக்கு மேலிருந்த ஹோல்டரைக் கழற்றினார். பித்தளைத் திருகைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வீட்டில் ஒருத்திக்குக் காட்ட வேண்டியிருந்தது. பிறகு மெயினைப் போட்டு, சுவிட்சைத் தட்டினார்.

தலைக்கு மேலே கண்ணாடி கறுப்பாகத்தான் இருந்தது. அதைச் சுற்றி நாலு வெள்ளைச் சுவரும் இளவெயில் பட்ட மாதிரி இருந்தன. மேடையில் கிடந்த ஒரு கடுகைக்கூட எடுக்கலாம்.

"உட்காருங்க ரெண்டு பேரும்" என்றாள் அம்மாள். "டீ போடறேன்."

மணி ஏழு இருக்கும். இருட்டின பிறகு அவள் அந்த அடுப்பைப் பற்றவைத்து இருபத்திரண்டு வருஷம். மகன் பழக்க தோஷத்தில் எழுந்தான். "வெள்..." என்று தொடங்கிய வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தான். அவள் மூன்று டம்ளரை வரிசையாக வைத்தாள். பாத்திரத்தைத் தூக்கினாள். முதல் டம்ளர் நிறைந்தது. இரண்டாவதும் நிறைந்தது. மூன்றாவதில், எல்லாம் நல்லபடி போகிறதே என்கிற சந்தோஷமோ என்னமோ, கை கொஞ்சம் அதிகமாகச் சாய்ந்தது. டீ விளிம்பைத் தாண்டி வழிந்து மேடையில் சின்னக் குட்டையாகத் தேங்கியது.

மகன் துணியை எடுக்கக் கை நீட்டி, பாதியில் நிறுத்தினான். ஆறரை அலமாரியின் அடியில் இருந்த பட்டையை அவசரமாகப் பார்த்தார்.

அம்மாள் அந்த டீக் குட்டையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். அதன் ஓரம், நுரை, அதில் மிதந்த ஒரு தேயிலைத் துணுக்கு எல்லாம் தெரிந்தன. பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

"லைட்ட ஒண்ணும் பாக்காதீங்க தம்பி" என்றாள். "இத நானேதான் கொட்டினேன்."